உள்ள வரதுக்கு முன்னாடியே வெளிய போன லோரி

…அதத்தான் ஆன்டி சொல்றேன். லோரி காலையில பதினொன்னு நாப்பதுக்கு கேட்டுக்குள்ள வந்துச்சாம். ஆனா அன்னிக்கு விடியகாலம் ரெண்டே காலுக்கே வெளிய போயிருச்சாம். உள்ள வரதுக்கு ஒம்போது மணி நேரம் முன்னாடியே. ஒரு லோரி இல்ல, ஒரே மாசத்துல நூத்திப் பதினேழு லோரி. பறக்குது போல.

பேக்க கீழயே வைங்க, பரவால்ல. ரயில் இப்பதானே சுபாங் ஸ்டேஷனத் தாண்டுச்சு.

நானா? யூனிவர்சிட்டி கடைசி வருஷம். கிள்ளான்ல ஒரு கிடங்குல இன்டர்ன். லோரி வரப்ப, போறப்ப கேட்ல ஒரு பட்டன அமுக்குவாங்க. கம்ப்யூட்டர் தேதி, நேரம் போட்டு ஒரு வரி எழுதிக்கும். அந்த வரியெல்லாம் படிச்சு ரிப்போர்ட் போடற புரோகிராம் என்னோடது.

பட்டன அமுக்கறது ரெங்கசாமி அண்ணே. பத்தொம்பது வருஷமா கேட்லயே இருக்காரு. அதனால என்ன, கும்புடணுமா? கம்ப்யூட்டர் கடிகாரத்தத் திருப்பி வச்சுட்டு, லோரிக்காரங்களோட சேந்து விளையாடறாரு. ரெண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி நான்தான் குடுத்தேன். இன்னிக்குப் பத்து மணிக்கு விசாரணை, நான்தான் சாட்சி. அவரு வேல போயிரும். "நான் கடிகாரத்தத் தொட்டதே இல்லம்மா"ன்றாரு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

எங்க சீனியர் கிருபானந்தன் இருக்காரே, அவரு ஒரு மாதிரி. "வசு, அந்த வரிய ஒரு தடவயாச்சும் கண்ணால பாத்தியா லா?"ன்னு கேக்கறாரு. லட்சம் வரி. கண்ணால பாக்கறதுக்கு எதுக்கு புரோகிராம்? மொதல்ல அது அடம் புடிச்சுச்சுதான். நேரத்துக்குப் பின்னாடி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு, புரியலன்னு நின்னு நின்னு போச்சு. புரியாதத வெட்டிட்டு மேல போன்னு ஒரே வரி எழுதினேன். ஓடிருச்சு. கிருபானந்தனா இருந்தா மீட்டிங் வச்சிருப்பாரு.

நம்பலயா? இந்தாங்க, விசாரணைல காட்டறதுக்கு பிரின்ட் எடுத்தது. நானே இன்னும் பிரிக்கல. எது, இந்த வரியா? ரெண்டு பதினஞ்சு, அப்புறம் பி.டி.ஜி. ஆமா, அந்த மூணு எழுத்தத்தான் வெட்டினது.

…உங்க கிளினிக் கார்டுலயும் நேரத்துக்குப் பின்னாடி அதே மூணு எழுத்தா? எங்க, காட்டுங்க.

பெத்தாங். மலாய்ல மத்தியானத்துக்கு மேலன்னு அர்த்தம்.

அந்த கேட் கம்ப்யூட்டர் மலாய்ல ஓடுது. பெத்தாங் ரெண்டே கால்… பதினொன்னு நாப்பதுக்கு வந்து, மத்தியானம் போன லோரி. ஒழுங்காத்தான் போயிருக்கு. நான்தான் அத விடியகாலத்துக்குத் தள்ளியிருக்கேன். நூத்திப் பதினேழையும்.

இல்ல ஆன்டி, தப்பு யார் மேலன்னு பாத்தா, ஆபீஸ் கம்ப்யூட்டர மொதல்ல யாரு மலாய்ல வச்சாங்க, அதக் கேக்கணும். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கறப்ப இது மட்டும்…

சரி. அப்படிப் பாக்காதீங்க. நிறுத்திட்டேன்.

போன்ல சொன்னா ஆகாதா? ஆகாது. அந்தப் புகார்ல கையெழுத்து நான்தான் போட்டேன். ரெங்கசாமி அண்ணேகிட்ட நேராதான் சொல்லணும். கிருபானந்தன் வேற பக்கத்துல உக்காந்திருப்பாரு.

பாடாங் ஜாவா வந்துருச்சு. எறங்கணுமா நீங்க? போங்க, போங்க, கதவு மூடிரும். எனக்குப் பேச வராதுன்னு இல்ல ஆன்டி. இத எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான்…