கல்யாணப் போர்வையைக் கத்தரித்தவர்

மேடையிலிருக்கும் துறைமுகப் பெரியோர்களே, மறைந்தவரின் மகள் சோன்-ஆ அவர்களே, கடலிலிருந்து நேராக வந்து நிற்கும் என் முக்குளிப்புத் தோழர்களே!

கொசோங் மீனவ மகளிர் சங்கத் தலைவி தாக் போங்-இம் அவர்களை அழுது அனுப்ப நான் வரவில்லை. மார்தட்டி அனுப்ப வந்திருக்கிறேன்!

சோன்-ஆவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த அந்தக் குளிர்காலத்தில் நண்டுப் படகு மூழ்கியது. அதற்குள் என் தம்பி கி-சோக். உடல் கிடைக்காவிட்டால் எங்கள் அம்மா யாருக்குப் படையல் போடுவாள்? இறங்கினோம். சிப்பி எடுக்கிற ஆழமா அது? தண்ணீர் புகாத ரப்பர் உடுப்புக்குள் பருத்தி உள்ளாடை வேர்வையில் நனைந்து, விரல் விறைத்து, வெறுங்கையோடு ஏறினோம். இருந்த துணியையெல்லாம் அடுக்கிப் போட்டோம். ரப்பர் உடுப்புக்குள் காற்று அடைந்து பூசணிக்காயாக மிதந்தோம்!

அப்போது வந்தார் போங்-இம் அண்ணி. கையில் என்ன? பெண்கள் போடும் நைலான் காலுறைகள்!

"ஐயோ அண்ணி, இதப் போட்டா மீன்கூடச் சிரிக்கும்!" என்றார், அதோ அமர்ந்திருக்கும் மா தெ-குக்.

"சிரிக்கட்டுமே. போன தடவ நீ அழுதுகிட்டே ஏறுனதையும் அதுதான் பாத்துச்சு. மாட்டுடா!"

தோலோடு, வேர்வை தேங்காத நைலான். அதன்மேல், நனைந்தாலும் சூடு விடாத கம்பளி. அதற்கும் மேல்? மெல்லிசாகவும் வேண்டும், கதகதப்பாகவும் வேண்டும். மகளின் புகுந்த வீட்டுக்குச் சீராகத் தைத்து வைத்திருந்த பட்டுப்பஞ்சுப் போர்வைகளில் கத்தரி வைத்தார் அண்ணி! போர்வையில்லாமல் ஒரு மணப்பெண்ணா? ஊரே கேட்டது.

"மாமியா வீட்ல குளிருக்குத் தரைக்கடியில நெருப்பு எரியுது. கடலுக்கடியில எரியுதா?"

அந்தப் பஞ்சுச் சட்டையோடு இறங்கினேன். விரல்கள் மடங்கின, தம்பியைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தன. அவனை நானே தூக்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன்! இந்தப் பிறவியில் எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

நேற்று அண்ணிக்குக் கடைசிப் பயணத்துக்கான சணலாடை உடுத்தும்போது, உள்ளே போட்டு அனுப்பலாமென்று அதே சட்டையை நீட்டினேன். போர்வையில்லாமல் புகுந்த வீடு போன சோன்-ஆ என் கையைத் தடுத்தார்.

"அம்மா சணலோட போகட்டும் சித்தப்பா. நாளைக்கு நீங்க கடல்ல எறங்கணும்ல?"

அண்ணியே! இந்தக் கறுப்புக் கோட்டுக்குள் அதைத்தான் போட்டிருக்கிறேன். இனி நம் கரையிலிருந்து எவனும் குளிர்ந்த உடம்போடு இறங்க மாட்டான். நாங்களே தைப்போம், நாங்களே மாட்டிவிடுவோம். நைலான் காலுறையும் உண்டு. சிரிக்கிற மீன் சிரிக்கட்டும்!