பயன்படுத்துவோர்: ஒருவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, அம்மையாரின் தங்கை அவர்களே, பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கம்பவுண்டர் நண்பர்களே, உதவிப் பிரிவின் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வரும். உங்களுக்கே தெரியும். நம் மென்பொருளில் புது வசதி எது வந்தாலும் இதே கூடத்தில், இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அளந்திருக்கிறேன். இன்றைக்கு அது வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதவிப் பிரிவின் மூத்த அலுவலர், பத்தொன்பது ஆண்டுகள் ஏழாம் நம்பர் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தவர், நம் ஏழாம் நம்பர் அக்கா, போன வியாழக்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கத்திக்கொண்டு போன் செய்கிறவர்களை, "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, நான் எங்கயும் போகல" என்று அடக்குகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாம் சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள். பதினோரு ஆண்டுக்கு முன் அதில் 'பெரிய எழுத்துச் சீட்டு' என்று ஒரு வசதி கொண்டுவந்தோம். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று கட்டைவிரல் அளவு எழுத்தில் அச்சாகும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. கேக் வெட்டினோம். நான்தான் பேசினேன். "இந்தச் சீட்டு ஒட்டாத வீடே இருக்காது" என்றேன். கைதட்டினீர்கள்.

பிறகு? எப்போதும் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. எங்கள் தொழிலில் ஒரு வசதி பிறந்தால் ஊரைக் கூட்டுவோம், செத்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். முதல் வருடம் அதன் பக்கத்தில் 'புதியது' என்று ஒரு பச்சைப் புள்ளி. அடுத்த பதிப்பில் புள்ளி போனது. அதற்கடுத்த பதிப்பில் பொத்தானையே மூன்று பக்கம் தாண்டி உள்ளே தள்ளினோம். கம்பவுண்டர்கள் தேடிச் சலித்து ஏழாம் நம்பருக்குப் போன் போட்டார்கள். அக்கா வழி சொல்லிப் பார்த்தார். எதிரே பதினைந்து நோயாளிகள் நிற்கும்போது வழி கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது? "சரி, மருந்து பேரச் சொல்லுங்க, நானே அனுப்பறேன்" என்று, இங்கே உட்கார்ந்தபடியே அவர்கள் பிரிண்டரில் அச்சடித்துவிட ஆரம்பித்தார்.

எந்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்ட எங்களிடம் ஒரு பக்கம் உண்டு. சென்ற ஆண்டு அதில் இந்தச் சீட்டுக்கு நேரே 'ஒருவர்' என்று இருந்தது. நாற்பத்து மூன்று கிளினிக்குகள் அந்த ஒருவருக்குள் இருந்தன. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு போன்கூடச் செய்யவில்லை.

இந்தக் கூடத்தில்தான் கேட்டேன். "ஒரே ஒரு ஆளுக்காக இந்தப் பழைய மூட்டைய இன்னும் எத்தனை நாள் சுமக்கறது? யாருங்க அந்தப் புண்ணியவான்?" அதோ, அந்தத் தூண் ஓரத்து நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தார். "நான்தான் சார் அந்த ஒருத்தர்." எல்லோரும் சிரித்தீர்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். "அப்ப உங்களுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு வீட்டுக்கு அனுப்பச் சொல்றேன்க்கா" என்றேன். இன்னும் சிரிப்பு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரையில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் இரண்டு தாள் கொண்டுவந்தார். "நேரம் கிடைக்கறப்ப பாருங்க சார்." நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்க்கவில்லை. இதோ, என் கையில் இருக்கிறது. நாற்பத்து மூன்று கிளினிக்கின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை பேருக்குக் கண் மங்கல், எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியாது என்ற விவரம். முதல் தாளின் மேல் ஒரு வட்டக் கறை. என் காபிக் கோப்பையை அதன் மேல்தான் வைத்திருக்கிறேன்.

முறைப்படி ஆறு மாத அறிவிப்பு கொடுத்தோம். எங்கே கொடுத்தோம்? அந்த மூன்றாவது உள்பக்கத்தில். கம்பவுண்டர் யாரும் கால் வைக்காத இடம். அதைப் படித்தவர் அக்கா ஒருவர்தான். ஒவ்வொரு சீட்டு அனுப்பும்போதும், 'இந்த வசதி விரைவில் நிறுத்தப்படும்' என்பதற்குக் கீழே 'சரி' என்று அமுக்கியிருக்கிறார். அப்படி ஆறு மாதம். பிறகு நிறுத்தினோம். ஒரு புகார்கூட வரவில்லை. "பார்த்தீங்களா, யாருமே கேக்கல" என்று எல்லோருக்கும் மெயில் போட்டேன்.

ஏன் வரவில்லை? ஒன்பது மாதமாக அக்கா காலையில் நாற்பது நிமிடம் முன்னதாக வந்து, வெறும் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக்கி, சூரியனையும் நிலாவையும் தேடி ஒட்டி, அன்றாடம் கேட்கும் மருந்துகளுக்குச் சீட்டுகளைத் தானே தயார் செய்து வைத்து, போன் வரும்போது அனுப்பியிருக்கிறார். சீக்கிரம் வருகிறாரே என்று நான் அவருக்கு நேரந்தவறாமைக்கான சான்றிதழ் கொடுத்தேன். சேர்ந்து படம்கூட எடுத்துக்கொண்டோம். அதில் நான் நன்றாகச் சிரிக்கிறேன்.

திங்கட்கிழமை அவர் மேசைப் பக்கம் போனேன். மூக்குக் கண்ணாடிக் கூடு திறந்தபடி கிடந்தது. போன் அடித்தது, எடுத்தேன். "அக்கா, இங்க ஒரு பெரியவர் மாத்திரைய வாங்கிட்டு பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு. சீட்டு வேணுமாம். சட்டுனு அனுப்புங்க." அக்கா இல்லை என்று சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த வசதியை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறதே என்றேன். "என்ன சார் சொல்றீங்க, போன வாரம்கூட வந்துச்சே" என்றார். அன்றைக்குத்தான் இந்தத் தாள்களைத் தேடி எடுத்துப் படித்தேன்.

அதைவிட மோசம் இன்று காலை வாசலில் நடந்தது. வேறொரு கிளினிக்கின் கம்பவுண்டர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அக்கா எப்பவும் சொல்லுவாங்க சார். எங்க சார்தான் உங்களுக்காக அத நிறுத்த விடாம வெச்சிருக்காருன்னு." பக்கத்தில் நின்ற அக்காவின் கணவரும், "ஆமாங்க, வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவா" என்றார். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

ஐயா கம்பவுண்டர் அவர்களே, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இங்கே நிற்கிறேன். நிறுத்தியவனே நான்தான். அம்மையாரின் கணவர் அவர்களே, உங்கள் மனைவி உங்களிடம் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் என் மானத்துக்காகச் சொல்லியிருக்கிறார். ஏன் சொன்னார்? அந்த மானத்தை நான் சம்பாதித்திருந்தேனா? அவர் இருந்தபோது ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை, இப்போது வருகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் முன்னால் சொல்கிறேன். ஏழாம் நம்பர் இனி என் மேசையில் அடிக்கும். அடுத்த பதிப்பில் சீட்டு முதல் பக்கத்துக்கு வரும். இனி எதை நிறுத்துவதாக இருந்தாலும், 'ஒருவர்' என்று காட்டினால் அந்த ஒருவர் பக்கத்தில் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

நேற்று நம் பொறியாளர்கள் பழைய வசதியைத் தற்காலிகமாகத் திறந்து கொடுத்தார்கள். பதினான்கு சீட்டு அனுப்பினேன். ஒன்றில் காலை மாத்திரைக்கு நிலாவைப் போட்டுவிட்டேன். "அக்கா இப்படிப் போட மாட்டாங்களே" என்று உடனே போன் வந்தது. மாற்றி அனுப்பினேன். மாலையில், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்துச் சீட்டு, பயன்படுத்துவோர்: ஒருவர்.

நான்தான் அந்த ஒருத்தர். அன்றைக்குச் சிரித்தவர்கள் இப்போதும் சிரிக்கலாம். அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன், நிற்கிறேன்.