இடது இருக்கையில் எட்டு குறைவு

பகல்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணி... பழைய கிடங்குகளுக்கு நடுவே ஆளில்லாத ரோடு. என் சிநேகிதனுடைய மைத்துனருக்கு நடந்தது.

தொலைந்துபோன கதிர்வீச்சுப் பொருளைத் தேடுவது அவர் வேலை. மூடிப்போன ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ தூக்கிப்போன, விரல் நீளக் குப்பி. ஊரில் எங்கும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. வேனின் இரண்டு பக்கக் கருவிகளும் அதை நொடிக்கு நொடி எண்ணும். அந்த எண்களை வைத்து, குப்பி இருக்க அதிக வாய்ப்புள்ள தெருவுக்குக் கணினி சிவப்பு வைக்கும்.

அந்தக் கணக்கை எழுதியவன் கூட்டாளி. இவருக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவன். "நான் இந்த எடது சீட்டுல உக்காந்தாலே இந்தப் பக்கக் கருவியில நூத்துக்கு எட்டு கொறையுதுண்ணே. என் ஒடம்பு மறைக்குது," என்று அதற்கும் ஒரு திருத்தம் போட்டான். ஆபீசே அவனைக் கொண்டாடியது. இவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு வியாழன் சாயங்காலம் இவர் மட்டும் இருந்தபோது ஒரு தெருவுக்குச் சிவப்பு விழுந்தது. திங்கட்கிழமை மேலதிகாரி முன்னால் தானே கண்டுபிடிக்கலாம் என்று அந்தத் தெருவின் எண்களை அழித்துவிட்டார். தெரு பச்சையானது.

வெள்ளி, சனி வேன் பட்டறையில். பட்டறைக்குப் பின்தெருதான் அது. பச்சையாயிற்றே என்று நம்பிய கூட்டாளி, இரண்டு மதியமும் அங்கே சுவரில் சாய்ந்து சாப்பிட்டான், ஆரஞ்சு உரித்தான், அப்படியே கண்ணயர்ந்தான். முதுகுக்குப் பின்னால் குப்பையில் குப்பி.

ஒரு மாதத்தில் போய்விட்டான்.

நினைத்தபடியே திங்கட்கிழமை குப்பியைக் கண்டுபிடித்ததற்காக இவருக்குப் பாராட்டு விழா. மாலை போட்ட மேலதிகாரி, "அவன் மட்டும் நல்லா இருந்திருந்தா இன்னும் முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பான்," என்றார். செத்தவன் மேலேயே இவருக்குப் பொறாமை மூண்டது.

மறுநாள் இவர் தனியாக ஓட்டினார். கிடங்கு ரோடு. இரண்டு மணி. இடது பக்கம் நூற்றுக்கு எட்டு குறைந்தது.

இருக்கை காலி.

வண்டியை நிறுத்தினார். கருவியை அணைத்துப் போட்டார். எட்டு... மறுபடி எட்டு. டிபன் பாக்ஸ் மூடி 'டக்'கென்றது. ஆரஞ்சுத் தோல் வாசனை.

"எறங்கிப் போயிடுப்பா..." என்றார்.

இடது பக்கம் நிமிர்ந்தது. முழு எண்ணிக்கை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அப்போது வலது பக்கம், அவர் உட்கார்ந்திருந்த பக்கம், சரிந்தது... ஒரு ஆளுக்கு அல்ல, இரண்டு ஆளுக்கு.

வேலையை விட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கும் அவரைத் தனியாக எந்தக் கருவியின் பக்கத்தில் நிறுத்தினாலும், இரண்டு ஆளுக்குத்தான் குறைகிறது.