அரை நிமிடத் தாடை

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் முழுதாகப் படித்துவிடுவது என் பழக்கம். அதனால்தான் உங்களைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டேன், மன்னியுங்கள் ஐயா. இரண்டு பக்கம்தானே, சட்டென்று போட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று உங்கள் உதவியாளர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் முப்பது வருஷத்தில் அளவு பார்க்காமல் ஒரு ஜாப்பைக்கூட நான் மிஷினிலிருந்து இறக்கியதில்லை. ஜாப் என்றால் மிஷினில் ஏற்றி வெட்டுகிற இரும்புத் துண்டு. நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம்.

இந்த விபத்து அறிக்கையில் நான் சாட்சி என்று போட்டிருக்கிறீர்கள். சரிதான், எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். காயப்பட்டவர் எனக்கு உறவு என்றும் போட்டிருக்கிறீர்கள். அதுவும் சரி. அவன் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவனை இந்தத் தொழிற்சாலைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றாவது பத்தியில்தான் எனக்கு இடிக்கிறது. அது ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

மில்லிங் மிஷினில் ஜாப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ் இருக்கும். அதற்கு இரண்டு தாடைகள். ஜாப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வரும் என்பதால், அலுமினியத்தில் தாடை செய்து, ஜாப்பின் வடிவத்தை அதிலேயே குடைந்துகொள்வோம். சாஃப்ட் ஜா என்பது அதைத்தான். ஒரு ஜாப் முடிந்து அடுத்தது வரும்போது தாடையையும் மாற்ற வேண்டும். அந்த வேலை என்னுடையது, செட்டர் என்பார்கள். நாலு போல்ட்டைக் கழற்றி, உட்காருகிற இடத்தைத் துடைத்து, வேறு தாடையை வைத்து, அளவு பார்க்கிற டயலின் முள் அசையாமல் நிற்கும்வரை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பேன். நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை மிஷின் நிற்கும். அதை ஓட்டுகிறவன் கைகட்டி நிற்பான். முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவசரப்படுத்தினால் எனக்குக் கை நடுங்கும் என்று ஒருமுறை அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நடுங்காது. கொஞ்சம் மரியாதை இருக்கட்டுமே என்று சொன்னது.

பக்கத்து மிஷினுக்குச் சகலை செட்டர். அவன் ஏதோ இயந்திரக் கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு புது மாதிரித் தாடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். அதற்குப் போல்ட்டே கிடையாது. வைஸில் ஒரு இரும்புத் தகடு நிரந்தரமாக இருக்கும். தாடையைக் கொண்டுபோய் வைத்தால் அதன் முதுகிலிருக்கிற காந்தம் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தள்ளுத் தள்ளினால் உள்ளே கொக்கி விழும். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை நிமிஷம். முதலாளி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அந்த மாசமே வந்து இறங்கியது. அடுத்த மாசம், இரண்டு மிஷினுக்கு இரண்டு செட்டர் எதற்கு என்ற பேச்சும் வந்தது.

என்னைப் பிசிறு எடுக்கிற மேசைக்கு அனுப்பினார்கள். வெட்டி வந்த ஜாப்பின் விளிம்பில் முள் முள்ளாக நிற்பதை அரத்தால் தேய்த்து எடுக்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம், வயசான காலத்தில் நல்லதுதானே என்றார்கள். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "தங்கச்சி வீட்டுக்காரரு வந்த வேகத்துல எங்கயோ போயிட்டாரு இல்ல?" என்றாள். குத்திக் காட்டவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அன்று எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அவனுக்குக் காது கேட்காது. இது உங்கள் அறிக்கையில் இல்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. முதலாளிக்கும் தெரியாது. மிஷின் இரைச்சலிலேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலில் கண்டுபிடித்தது நான்தான். "யார்கிட்டயும் மூச்சு விட்றாத சகலை, மிஷின்ல இருந்து எறக்கிடுவாங்க" என்றான். நான் வாக்குக் கொடுத்தேன். வருஷா வருஷம் காதுப் பரிசோதனை நடக்கும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே என் முறைக்காக நிற்கிற மாதிரி நிற்பேன். மருத்துவர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் நான் மூக்கைத் தடவுவேன், உள்ளே அவன் கையைத் தூக்குவான். இப்படியே காதும் காதும் வைத்த மாதிரி ஓட்டினோம். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேனே என்றுதான் உறுத்தலாக இருக்கிறது.

அந்தப் புதுத் தாடை பூட்டியதா இல்லையா என்று சொல்வது அந்த டக் சத்தம் ஒன்றுதான். பின்பக்கம் ஒரு சின்ன இரும்புச் சீவல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கொக்கி விழாது. ஆனால் பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும். காந்தம் பிடித்திருப்பதால் கையால் இழுத்தாலும் அசையாது. வெட்டுகிற கட்டர் வந்து ஒரு கடி கடித்தால்தான் வண்டவாளம் தெரியும். வாங்கச் சொல்லிக் குதித்தபோது இது அவனுக்கு உறைக்கவில்லை. முதல் தாடையை மாட்டியபோது உறைத்தது. முகம் வெளிறிப்போய் என் மேசைக்கு வந்தான்.

"சகலை, நீ இங்கதானே உக்காந்திருக்க. சத்தம் வந்துச்சுன்னா ஒரு தலையாட்டு. அது போதும் எனக்கு."

ஆக, என் வேலையை எடுத்துக்கொண்டவனுக்கு நான் காதாக இருந்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது தாடை மாறும். ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டு, எண்ணெய்த்தண்ணி தெறித்த பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்புவான். என் தலை தெளிவாகத் தெரிய வேண்டுமே. நான் மேலும் கீழும் ஆட்டினால், முதல் ஜாப்பை ஓட்டிப் பார்க்கப் பட்டனை அழுத்துவான். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை சத்தம் வராது. அப்போது இடவலமாக ஆட்டுவேன். கழற்றித் துடைத்து மறுபடி வைப்பான். எட்டு மாசத்தில் ஒரு தடவைகூட நான் தப்பாக ஆட்டவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காது கேட்கிற செட்டர் தள்ளி நின்றபடியே வெட்டுகிற சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவான். இவன் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆகவே மிஷின் கதவைத் திறந்து வைத்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோவான். கதவு திறந்திருந்தால் மிஷின் ஓடக்கூடாதுதான். கதவு திறந்தால் மிஷினை நிறுத்துகிற ஒயரை எப்போதோ யாரோ சேர்த்து முறுக்கியிருந்தார்கள். அது நான் இல்லை.

நீங்கள் கேட்கலாம், முதலாளியிடம் காது விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மிஷின் உனக்குத் திரும்பக் கிடைத்திருக்குமே என்று. கிடைத்திருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை, தினமும் அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்ததுதான். ஆனால் சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

ஒரு நாள் முதலாளி யாரோ நாலைந்து பேரைக் கூட்டிவந்தார். பெரிய இடத்து ஆட்கள், பளபளவென்று காலணி. சகலையைத் தாடை மாற்றிக் காட்டச் சொன்னார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சகலை தள்ளினான், என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். இருபத்தெட்டு விநாடி.

"முன்னாடி இதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும்" என்றார் முதலாளி. என் பக்கம் கையைக் காட்டினார். "அதோ உக்காந்திருக்காரே, அவருதான் சுத்தியல வெச்சித் தட்டிக்கிட்டே இருப்பாரு, கொழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தான்.

அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு பேர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிடுவான். காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்கிற காரியம் அது. அவன் வீட்டில் பிள்ளைகள் அவனைக் கேலி செய்யும்போதுகூட அப்படித்தான் சிரிப்பான், எனக்குப் பாவமாக இருக்கும். அன்றும் அப்படித்தான் என்று தெரிந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, வாய் கொள்ளாமல் சிரித்தான்.

அதற்கப்புறம் பதினொரு நாள் ஒழுங்காகத்தான் தலையாட்டினேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் இரண்டாம் நாளே போய்விட்டது. காத்திருந்தேன் என்று வேண்டுமானால் எழுதலாம்.

பன்னிரண்டாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். தாடையை வைத்துத் தள்ளினான். நான் அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். சத்தம் வரவில்லை. என் காதைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அடுத்த அறையில் குழாய் சொட்டினால் எனக்குத் தூக்கம் கெடும். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மேலும் கீழும் தலையாட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினான். கண்ணாடியை இறக்க மறந்துவிட்டான். அதையும் கவனித்தேன்.

கட்டர் இறங்கி ஜாப்பைத் தொட இருபது விநாடி ஆகும். மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டன் என்னிடமிருந்து எட்டடி. நான் அரத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அரத்தின் பல்லில் தூள் அடைத்திருந்தால் ஜாப்பில் கீறல் விழும்.

பிறகு நடந்ததை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். தாடை கழன்றது, ஜாப் புரண்டது, கட்டர் உடைந்து சிதறியது. துண்டுகள் அவன் இரண்டு கண்ணிலும் ஏறிவிட்டன. ஒன்றையாவது காப்பாற்ற மருத்துவர்கள் ஆன மட்டும் பார்த்தார்கள், முடியவில்லை. முதலில் ஓடிப்போய் மிஷினை நிறுத்தியவர் என்று என்னைப் பாராட்டி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

முதலாளி பயந்துபோய்ப் புதுத் தாடைகளையெல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். நாலு போல்ட்டு திரும்பி வந்தது, நானும் திரும்பி வந்தேன். நேற்று ஒரு தாடைக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் தினமும் அவன் வீட்டுக்குப் போகிறேன். "நீங்க வந்தாத்தான் மாமா அவரு ரெண்டு வாய் சாப்பிடுறாரு" என்கிறாள் மைத்துனி. காதில் வாயை வைத்துக் கத்தினால் அவனுக்குப் பாதி விளங்கும், பாதி விளங்காது. அதனால் அவனே ஒரு வழி வைத்திருக்கிறான். கட்டிலில் என்னை எதிரே உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் கன்னத்தில் வைத்துக்கொள்வான். வெளியில் மழையா, பிள்ளைகள் வந்துவிட்டார்களா, இவள் அழுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். நான் தலையாட்டுவதைக் கையால் தெரிந்துகொள்வான்.

மூன்றாவது வாரம் அதைக் கேட்டான்.

"சகலை, அன்னைக்கு நீ வேணாம்னுதானே ஆட்டின? நான்தான் ஆமான்னு நெனச்சி அழுத்திட்டேன். அப்படித்தானே?"

அந்தக் கதையை அவனே படுத்துக் கிடந்து யோசித்துக் கட்டி வைத்திருக்கிறான். நான் அதில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. ஆமாம் என்று ஆட்டினேன். அவன் கைகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நிதானமாக, இரண்டு தடவை.

அவன் பெருமூச்சு விட்டான். "நல்ல வேள. உன்மேல தப்பு இல்லாம போச்சு" என்றான். என் கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தான்.

அதற்கு மறுநாள்தான் நீங்கள் அவனை விசாரிக்கப் போனீர்கள். கொக்கி விழுந்ததா என்று பார்க்காமல் பட்டனை அழுத்தியது தன் குற்றம் என்று சொல்லிவிட்டான். மனைவி கையைப் பிடித்துக் கோட்டில் வைக்க, கையெழுத்தும் போட்டுவிட்டான். உங்கள் மூன்றாவது பத்தி அதை வைத்து எழுதியது. தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்கிறது.

இங்கேதான் அளவு தப்புகிறது ஐயா. அவனைப்போலக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தடவைகூட அவன் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, கொக்கி விழவில்லை என்று தெரிந்தே சாட்சி தலையாட்டினார் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதையும் கொடுங்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவன் மனசு தாங்காது. நம்புவதற்கு அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.