ஆட்டுக்கு வந்த டாக்டர்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் மதிய பஸ்ஸில், புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி தூங்குவது என் வழக்கம். படிக்கிறவன் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அன்று முன் இருக்கைப் பேச்சு கனவுக்குள் கேட்டது.

“நம்ம ஊருக்கு வந்திருக்க டாக்டரைத் தேடி நாம கோவில்பட்டிக்கு வந்துட்டுத் திரும்புறோம்.”

கண் திறந்தேன். ஆடு மேய்க்கிற புருஷனும் பெண்சாதியும். அவர் மடியில், துண்டில் சுற்றிய நாய்.

“ஆட்டுக்கு ஊசி போட வாங்கன்னு போன வாரம் நீங்கதான அவியளக் கெஞ்சினிய?”

“இன்னைக்கே வருவாவன்னு கண்டேனா? நாய் எலி மருந்தத் தின்னுட்டுக் கெடக்கேன்னு தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

“அந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராவது ஒரு ஊசி போட்டிருக்கலாம்லா?”

“டாக்டர் சொல்லாம நாயைத் தொடமாட்டாராம்.”

வெளியே கரிசல் காடு கானலில் மிதந்தது. பஸ் நகர்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

“ஏட்டி, காலை உதைக்குது பாரு.”

“உதைக்கல, ஓடுது. தூக்கத்துல ஆட்டை மடக்குது.”

அவர் துண்டைத் தளர்த்திவிட்டார்.

“ஓடட்டும். ஆட்டுக்கிட்டதான டாக்டரும் நிக்காரு.”