சும்மா இருக்க வேண்டிய இடம்

வீட்டில் பேஸ் கிட்டார் ரெக்கார்டு பண்ணும்போது மைக் வைக்கக் கூடாது, சார். நாய் குரைத்தால் விழும், டவுன் பஸ் ஹாரன் விழும், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் விழும். காமயகவுண்டன்பட்டியில் இதெல்லாம் இல்லாத நேரம் ஏது? அதனால் டி.ஐ. பாக்ஸ் வாங்கினேன். உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. கிட்டார் ஒயரை அதில் செருகினால் கம்பியின் அதிர்வு மட்டும் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும். காற்றில் வருகிற சத்தம் எதுவும் சேராது. ஒயர் நீளமானாலும் இரைச்சல் ஏறாது. வாசிக்கிறவன் ஓர் அறையிலும் கம்ப்யூட்டர் இன்னோர் அறையிலும் இருக்கலாம். எங்களுக்கு அது தோதாக இருந்தது.

வாசிக்கிறவன் என் தம்பி இம்மானுவேல். அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது நான்தான். நான் வாத்தியம் அமைப்பேன், அவன் வாசிப்பான். இந்தப் பக்கத்தில் சபைப் பாட்டானாலும் கோயில் பாட்டானாலும் பேஸ் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். திராட்சைக்கு அடிக்கிற மருந்து கிடந்த அறையை இருவருமாக ஒழித்தோம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினோம். அவன்தான் ஆசை ஆசையாக ஒட்டினான்.

அப்புறம் எர்ணாகுளத்தில் ஒரு பேண்டில் கூப்பிடுகிறார்கள் என்று பையைக் கட்டினான். சின்னதிலிருந்து வீசிங் உள்ள பையன். குமுளி மலை ஏறினாலே இழுக்கும், அந்த மழையில் என்ன ஆவான்? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், சார். "ஒரு பாட்டு இருக்குடா, முடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன். உள்ளே போனான். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் என்றுதான் நினைத்தேன். அது முடிந்ததும் இன்னொரு பாட்டு வந்தது. பூட்டு வாங்கினேன்.

அப்போது மைக்தான் இருந்தது. அவன் கதவைத் தட்டுவது அதில் விழுந்துகொண்டே இருந்தது. பெட்டி வாங்கியது அதற்குப் பிறகுதான். நாய், பஸ் என்று முதலில் சொன்னேனே, அதுவும் பொய்யில்லை.

நான் கை ஓங்கியதில்லை. சோறு சூடாகத்தான் கொடுத்தேன். கக்கூஸுக்குப் போய்வரத் தோட்டத்து நாய்ச்சங்கிலி நீளம் போதுமானதாக இருந்தது. ஆரம்பத்தில் என்னை வாடா போடா என்று பேசினான். அப்படிப் பேசிய அன்று சோறு வைக்க மாட்டேன். வாசிக்காத அன்றும் வைக்க மாட்டேன். போகப் போகச் சரியாகிவிட்டான்.

"அண்ணே, வெயிலயாச்சும் பாக்க விடுங்கண்ணே" என்பான்.

"தேனி ஜில்லாவுல வெயிலுக்கா பஞ்சம்? எங்கிட்டும் போயிராது" என்பேன். அவனும் கிட்டாரை எடுத்துக்கொள்வான்.

அவன் வாசித்ததை நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது காதில் விழுந்து, பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் அத்தை ஒரு நாள் கேட்டது. "தம்பி எர்ணாகுளம் போயிட்டாகன்னு சொன்னீக, இங்கன கிட்டாரு சத்தம் கேக்குதே?"

"நாந்தேன் பழகுறேன் அத்தை."

"பரவால்லையே, தம்பி கணக்காவே வாசிக்கிறீகளே."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் எங்கள் திராட்சைக் கொடியில் இரண்டு அறுப்பு முடிந்திருந்தது.

இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு பேஸ் கிடையாது, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற இடத்தை யார் கேட்பார்கள்? நான் கேட்கவில்லை. அப்படியே உத்தமபாளையத்துக்கு, ராஜா முகம்மதுவுக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் பாட்டையெல்லாம் மிக்ஸ் பண்ணுகிறவர் அவர். இரைச்சல் இருந்தால் வெட்டுவதற்காக, சும்மா இருக்கிற இடத்தைத்தான் சத்தம் கூட்டி வைத்து முதலில் கேட்பாராம். அது இம்மானுவேலுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. அது பழைய கிட்டார், கம்பிக்கு அடியில் இருந்து அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் கொஞ்சம் லூஸ். அதில் வாயை ஒட்டிப் பேசினால் குரலும் ஒயரில் ஏறிவிடும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

பூட்டியது நான்தான். சாவி என் அரைஞாணில்தான் இருந்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறானாம், அதுவும் சரி. நீங்கள் காலையில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினீர்களே, அதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் இருந்தது, ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "ராஜா பாய், அண்ணன் என்னயப் பூட்டி வச்சிருக்காக. யார்ட்டயாச்சும் சொல்லுங்க பாய்."

கவனித்தீர்களா சார்? நான் பக்கத்தில் இல்லை, கேட்கவும் மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அப்போதும் 'வச்சிருக்கான்' என்று அவன் வாயில் வரவில்லை. 'வச்சிருக்காக' என்றுதான் சொன்னான். என் தம்பியை அப்படி வளர்த்திருக்கிறேன்.