மூஞ்சி தெரியுதா பாரு

இல்ல மெரே, இன்னிக்கு லெக்சர் அடிக்க வரல. சத்தியமா. கதவைச் சாத்திடாதே, ஒரே நிமிஷம். இந்தா, இதைப் பிடி. பேக்கரியில ஸ்காலப் பை வாங்கினேன், சிப்பிக் கறி வச்சது, இன்னும் சூடு இருக்கு. லஞ்சம்தான், ஏன் மறைக்கணும்? உன் வீட்டுல ஒரு டேப்லெட் இருக்கில்ல, உன் குட்டி லிட்டியா கார்ட்டூன் பாக்குமே, ஜாமெல்லாம் அப்பிக்கிட்டு? அது எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். பன்னண்டு மணிக்கு. உள்ள வரலாமா?

சிரிக்காதேம்மா. சரி, சிரி. எனக்கு இது வேணும். நீ குடி வந்த வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, கதவுல அந்தக் கேமரா பெல்லை மாட்டாதே, உன் வாசலை எவனோ கம்பெனிக்காரன் உக்காந்து பாப்பான்னு கத்தினவன் நான். போதாக்குறைக்கு உன் கையில ஒரு துண்டு கறுப்பு டேப்பை வேற கிழிச்சுக் குடுத்தேன். அது எங்க ஃப்ரீ சாஃப்ட்வேர் குரூப்போட வழக்கம். மாசத்துக்கு ஒரு தரம் சர்ச் ஹால்ல கூடுவோமே, புதுசா யார் வந்தாலும் டீ குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டு டேப் குடுப்போம். கேமராவுல ஒட்டிக்கோ, அப்புறம் பேசலாம். இந்த பர்னி ஊர்ல பாதிப் பேருக்கு நாங்க டேப் கிறுக்கனுங்கதான்.

யாரோட பேசணும்னா, என் பையனோட. ஆமா, எனக்கு ஒரு பையன் இருக்கான். லாக்லன்னு பேரு. கடல் தாண்டி அந்தக் கோடியில, பெர்த் பக்கம் இருக்கான். நீ கேக்கல, நானும் சொல்லல. அவனோட வீடியோவுல பேசணும். இன்னிக்கு விட்டா திரும்ப எப்பக் கிடைக்கும்னே தெரியாது. என் கம்ப்யூட்டர்லேந்து முடியல. அவ்வளவுதான் சமாசாரம். உக்காரட்டுமா? முட்டி வலி.

என்கிட்ட இல்லாத கம்ப்யூட்டராம்மா? கொட்டகையில, கட்டிலுக்கடியில, சமையக்கட்டுல, எங்க பாத்தாலும் ஒண்ணு இருக்கு. ஊர்ல தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கிட்டு வந்து உசிர் குடுத்து வச்சிருக்கேன். அத்தனையிலயும் ஃப்ரீ சாஃப்ட்வேர். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா தெறந்து பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்திக்கலாம், மாத்தினதை அடுத்தவனுக்குக் குடுக்கலாம். எவனையும் கேக்க வேண்டாம். நம்ம வீட்டுச் சாவி நம்ம கையில. இதுல என்னம்மா தப்பு? இதைச் சொன்னா ஊர்க்காரன் என்னைப் பைத்தியம்ங்கறான்.

உன் வாஷிங் மெஷினையே எடுத்துக்கோயேன். துணி தொவைக்க அதுக்கு எதுக்கு உன் வைஃபை பாஸ்வேர்டு? என் தம்பி ஒரு பிரின்டர் வாங்கினான். வேற கம்பெனி இங்க்கைப் போட்டா, அச்சடிக்க மாட்டேன்னு மொறைச்சுக்கிட்டு நிக்குது. காசு குடுத்தவன் இவன், அதிகாரம் பண்றது அது. டிவின்னா கேக்கவே வேண்டாம். நாம தூங்கும்போது அதுபாட்டுக்கு எதையோ மாத்திக்குது. காலைல பாத்தா எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. கேட்டா அப்டேட்டுங்கறாங்க. ஒருத்தன் நம்ம வீட்டுக்குள்ள பூந்து நாற்காலியெல்லாம் மாத்திப் போட்டுட்டுப் போனா போலீஸைக் கூப்பிட மாட்டோமா? இதை மட்டும் ஏன் பொறுத்துக்கறோம், சொல்லு. ஏன்?

மணி என்ன? ம். இருக்கு, இன்னும் நேரம் இருக்கு. நான் இப்படித்தான்மா, பயம் வந்தா வாய் நிக்காது.

என்ன சொல்ல வந்தேன்? லாக்லனோட பேச, அந்த ஆபீஸ்காரங்க ஒரே ஒரு ஆப்புலதான் விடுவாங்க. அந்த ஆப்பு என் சிஸ்டம் எதுலயும் ஒழுங்கா ஓடாது. உங்க ஆப்புக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுங்கய்யா, நானே ஓட வச்சுக்கறேன்னு மெயில் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துது. அதை எழுதினது மனுஷனாக்கூட இருக்காது.

கடையில போன் வாங்கலாமேன்னு கேக்கற. வாங்கினேன்மா! முந்தாநாள் போய் வாங்கினேன். இத்தனை வருஷத்துல மொதல் தடவை. எங்க குரூப்ல டெஸ்மண்டுன்னு ஒருத்தன், அவனுக்குத் தெரிஞ்சா என்னைத் தள்ளியே வச்சிடுவான். வீட்டுக்கு வந்து தெறந்தா, நான்தான் நான்னு நிரூபிக்கணுமாம். அதுக்கு ஒரு நம்பரை என்னோட இன்னொரு மொபைலுக்கு அனுப்புவாங்களாம். இன்னொரு மொபைலுக்கு நான் எங்கம்மா போவேன்? லேண்ட்லைன்ல சொல்லுன்னா அதுக்குப் புரியல. தப்புத் தப்பா அமுக்கி அமுக்கி, கடைசில அதுவே என்னை வெளிய தள்ளிப் பூட்டிக்கிச்சு. டிராயர்ல கிடக்கு.

லைப்ரரி வேண்டாம்மா. கம்ப்யூட்டர் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா திரை ஹாலைப் பாத்து இருக்கு. போற வர்றவன் எல்லாம் பாப்பான். நான் பொறந்து வளந்த ஊரும்மா இது. டெஸ்மண்டைக் கேட்டேன், அவன் மருமக கிட்ட ஒரு போன் இருக்கு, வாங்கித் தாடான்னு. கெல்வின், கொள்கையை விட்டுடாதேன்னான். கொள்கை! அவன் பையன் அடுத்த தெருவுல இருக்கான். ஞாயித்துக்கிழமையானா வந்து புல்லு வெட்டிக் குடுத்துட்டுப் போறான். அவனுக்கு என்ன, நல்லாப் பேசலாம் கொள்கை.

எந்த ஆபீஸா?

ஜெயிலும்மா. லாக்லன் ஜெயில்ல இருக்கான்.

நீ அதைச் சாப்பிடு, ஆறிடும். இல்ல, எனக்கு வேண்டாம். சொல்லிடறேன், மறைச்சுட்டு உன் சாமானை வாங்கிட்டுப் போறது சரியில்ல. குடிச்சுட்டு வண்டி ஓட்டினான். ரோட்டைத் தாண்டின ஒரு பொண்ணு செத்துப்போச்சு. உன் வயசுதான் இருக்கும். இப்ப நீ என்னை வெளிய போன்னு சொன்னா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

தேங்க்ஸ்மா.

கேஸ் நடந்தப்போ நான் போகல. இந்த முட்டி, அப்பத்தான் ஆபரேஷன். நெஜமான ஆபரேஷன்மா, சாக்கு இல்ல. இந்த முட்டியோட இப்பவும் அவ்வளவு தூரம் போய் நிக்க முடியாது. வரமுடியலடான்னு போன்ல சொன்னேன். பரவால்லப்பான்னான். அந்தப் பரவால்லப்பா இருக்கே, அதைக் கேட்டப்புறம் நான் நிம்மதியாத் தூங்கின நாளே கிடையாது.

கொண்டா, இங்க வை. நீயே அமுக்கு. லிங்க்கை இந்தத் துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருக்கேன், பாத்து அடி. என்ன கேக்குது? கேமராவா? சரின்னு போடு. மைக்கா? சரி. நான் எங்கெங்க போறேன்னு அதுக்குத் தெரியணுமா? எதுக்கு, உள்ள இருக்கறது அவனா நானா? போடும்மா, சரின்னு போடு. எல்லாத்துக்கும் சரி. படிக்காதே, படிச்சா எனக்கு ஆத்திரம் வரும். நான் சொன்னதெல்லாம் தப்புன்னு மட்டும் நினைச்சுக்காதே. ஒவ்வொரு வார்த்தையும் சரி. அவங்க திருடனுங்கதான். ஆனா என் பையன் அவங்களோட பொட்டிக்குள்ள இல்ல இருக்கான். நான் என்ன பண்ணட்டும்?

முன்னாடி பேசியிருக்கேனான்னா, ம், போன மாசம் ஒரு தரம். பேசினேன்னு சொல்ல முடியாது. அந்த ஆப்பை ஏமாத்தி, என் லேப்டாப்லயே ஓட வச்சேன். அதுக்கே நாள்கணக்கா உக்காந்தேன். சிஸ்டத்துக்குள்ள இன்னொரு சிஸ்டம் போட்டு, அதுக்குள்ள இதை வச்சு. கடைசில லைன் கிடைச்சுது பாரு, ஜெயிச்சுட்டேன்டான்னு நாற்காலியிலேந்து எந்திரிச்சுட்டேன். அவன் வந்து உக்காந்தான். நல்லாத் தெரியறான். மெலிஞ்சு போயி, முடியெல்லாம் ஒட்ட வெட்டி. நான் பேசறேன், அவனுக்குக் கேக்கல. மைக்! அந்த லேப்டாப் மைக்கோட வயரை என்னிக்கோ நானே வெட்டி விட்டிருக்கேன், எவனும் ஒட்டுக் கேக்கக்கூடாதுன்னு. வேற மைக் மாட்டி வச்சிருந்தேன், அதை இந்த ஆப்பு சட்டை பண்ணல. சரிடா உன்னை ஒரு வழி பண்றேன்னு திரையில இன்னொரு ஜன்னலைத் தெறந்து கமாண்ட் தட்ட ஆரம்பிச்சேன். தட்டறேன், தட்டறேன், எனக்கு வேற எதுவும் கண்ணுல படல. பக்கத்துல அவன் பேசிக்கிட்டிருக்கான்.

அப்பா இருக்கியான்னான். அப்பா, லைன்ல இருக்கேன்னு இதுல காட்டுது, ஆனா ஒரே கறுப்பா இருக்குன்னான். நான் இருடா, இருடான்னு கத்தறேன், அவனுக்கு எங்க கேக்கும். அப்புறம் சொன்னான், மூஞ்சியைக் காட்டப் பிடிக்கலன்னா பரவால்லப்பா, எனக்கே கண்ணாடி பாக்கப் பிடிக்கலன்னு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். போகலம்மா. நேரம் முடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான். கறுப்பையே பாத்துக்கிட்டு.

அதுக்கப்புறம் அவன்கிட்டேந்து போனே இல்ல. போன்ல நாம கூப்பிட முடியாதும்மா, உள்ள இருக்கறவங்கதான் கூப்பிடணும்; வீடியோவுக்கு மட்டும்தான் நாம நேரம் கேட்டு வாங்கலாம். கடுதாசி போட்டேன். படிச்சானோ கிழிச்சானோ. அங்க ஒரு ஆபீசர்கிட்ட சொன்னேன், நான் மூஞ்சியைக் காட்டாம இல்ல, மெஷின் கோளாறுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. அது என் வேலை இல்லன்னுட்டார்.

வந்துடுச்சா? எங்க, திருப்பு. ஏன் கறுப்பா இருக்கு? மெரே, கறுப்பா இருக்கும்மா! மூலையில நம்ம மூஞ்சி தெரிய வேண்டிய இந்தக் கட்டம், அன்னிக்கும் இப்படித்தான் இருந்துது. இல்ல, எதையும் அமுக்காதே, கட்டாயிடும். கேமரா எங்க இருக்கு இதுல? மேலயா? காட்டு.

இது என்ன?

நான் குடுத்த டேப்பா? நீ ஒட்டினியா? நான் சொன்னேன்னு ஒட்டினியா? ஊர்ல ஒருத்தரும் நான் சொல்லி எதையும் கேட்டதில்லம்மா. நீ ஒருத்திதான் கேட்டிருக்கே.

இல்ல இல்ல, உன் மேல கோவமே இல்ல. அழலம்மா, இரு. நகத்தைக் குடுத்துப் பிரிக்கணும், ஓரத்துலேந்து. நல்ல டேப் இது, சாமானியமா வராது, பாத்துப் பாத்து வாங்கினது. அன்னிக்கும் இதேதான். அவனோட லைன் கட்டானப்புறம் லேப்டாப்பை மூடப் போனேன், மூடியில விரல் வச்சேன், தட்டுப்பட்டுது. கறுப்புச் சட்டத்துல கறுப்பு டேப். ஒட்டினதே எனக்கு மறந்து போச்சு. மத்ததெல்லாம் ஓட வச்சவன் நான், அதைப் பிச்சுப் போடணும்னு தோணல பாரு.

ம். வந்துடுச்சு.

இதுல இருக்கறது நானா? ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கலாம்.

அந்தப் பக்கம் நாற்காலி தெரியுது. அதே நாற்காலிதான், பின்னால அதே சுவர். அவனைக் காணோம். இல்லம்மா, மணி ஆயிடுச்சு, அவங்க நேரம் தவற மாட்டாங்க. அவனுக்கு இஷ்டம் இருந்தாத்தான் கூட்டிட்டு வருவாங்க, கட்டாயப்படுத்த மாட்டாங்களாம். நேத்து லேண்ட்லைன்ல கேட்டேன், வர்றேன்னானான்னு. தெரியாதுன்னுட்டாங்க.

நீ போய் உன் வேலையைப் பாரு. நான் அசையாம இப்படியே உக்காந்திருக்கேன், நேரம் முடிஞ்சு லைனை மூடற வரைக்கும். அவன் உக்காந்திருந்தான்ல. அந்தத் திரைச்சீலையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிட்டுப் போம்மா, வெளிச்சம் என் மூஞ்சியில விழட்டும்.